கணப்புக்கு அலங்காரம்

வீடு வாங்க வந்த மூன்றாவது சோடியும் ஒழுகும் குழாயைக் கவனிக்கவில்லை. மின்தூக்கி இல்லாத ஐந்து மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்கும் முன்பே, ஹோலில் இருந்த கணப்பின் முன்னால் போய் நின்று, "ஓ!" என்றார்கள்.

 நீஸ் நகரத்தில் இருக்கும் வீட்டுக்காரி மதாம் மர்கரீத் வீட்டை விற்கப் போவதாக அறிவித்த நாள்முதல், இராஜேந்திரன் அந்தக் குழாயைத்தான் நம்பியிருந்தார். வீடு கைமாறினால் வாடகைக்கு இருக்கிறவர் பெட்டி படுக்கையோடு நகருக்கு வெளியே திரான்சிக்குப் போகவேண்டியதுதான். தமிழர் கடைத்தெருவான லா சப்பலில், படியிறங்கினால் வேலை செய்யும் உணவகம் என்று வாழ்கிற மனிதனுக்கு அது நாடு கடத்தல். ஒரு பிறவிக்கு ஒரு நாடு கடத்தல் போதும் என்பது அவர் கட்சி.

"எல்லாம் இந்த ஷெமினேயால வர்ற மவுசு அண்ணே," என்றான் கணப்பைக் காட்டி, வீட்டுத் தரகன் யானிக். புதுச்சேரிப் பிள்ளை. "வெள்ளை மார்பிள். இதுக்கு முன்னாடி நின்னா இவங்களுக்குக் கண்ணு கலங்கிடும்."

"நெருப்பே எரியாத அடுப்புக்கோ தம்பி?"

"அதான் அண்ணே விசேஷம்."

அவர்கள் போனதும் இராஜேந்திரனின் மனைவி கோசலை கணப்பை எதிரியைப் போலப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்தக் கல்லுத்தான் எங்களுக்குச் சனியன். அதை வடிவாக்கிப் பழுதாக்குவம்."

"வடிவாக்கிறதோ, பழுதாக்கிறதோ?"

"உங்கடை கை பட்டா ரெண்டும் ஒண்டுதானே. நீங்கள் பெயின்ற் அடிச்ச குசினியை நான் நெடுகப் பாக்கிறன்."

முதலில் கோசலையே இறங்கினாள். குத்துவிளக்கு மினுக்குவது போலப் பழப்புளியும் தேசிக்காயும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். பித்தளை என்றால் பொன்னாகியிருக்கும். மாபிள் மினுக்கம் செத்து, காய்ச்சல்காரன் நாக்குப் போல வெளிறியது. இருவரும் நிம்மதியாகத் தேநீர் குடித்தார்கள்.

அடுத்து வந்த மரி-லூயிஸ் என்ற அம்மாள் அதைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவி என்னவோ முணுமுணுத்தாள்.

"காலத்தோட கை பட்ட அழகாம்," என்று யானிக் மொழிபெயர்த்தான்.

"காலமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. என்ரை கைதான் பட்டது," என்றாள் கோசலை. அதை அவன் மொழிபெயர்க்கவில்லை.

இராஜேந்திரன் சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் வாங்கி வந்து, கோயில் மதில் போலக் கோடு அடித்தார். கோடுகள் நேராக வரவில்லை. சரியாகச் சொன்னால், ஒரு கோடும் மற்றதன் முகத்தில் முழிக்க விரும்பவில்லை. வீடு பார்க்க வந்த ஓர் ஓவியர் நெஞ்சில் கைவைத்தார். இப்படிக் கோணலாக வரையத் தனக்கு வாழ்நாள் முழுவதும் துணிவு வரவில்லையாம்.

"இனி வெக்கம் பாத்துச் சரிவராது," என்றாள் கோசலை.

கணப்பின் மேல்தட்டில் பிள்ளையார் ஏறினார். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கியது. பச்சையும் நீலமுமாக மின்விளக்குகள் கண்ணடித்தன. நெருப்பு எரியவேண்டிய குழிக்குள் அரிசி மூட்டையும் வெங்காயப் பையும் குடியேறின. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்கள். ஒருவர் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார்.

"அரிசி மூட்டையும் வீட்டோட சேர்த்து வருமான்னு கேக்குறார் அண்ணே."

கடைசி ஆயுதம் சாம்பிராணி. மூட்டைகளை இழுத்துவிட்டு, குழிக்குள் சட்டி நிறையத் தணல் வைத்து, இராஜேந்திரன் கைநிறைய அள்ளிப் போட்டார். காலம் காலமாக அடைத்துக் கிடக்கும் புகைபோக்கி. வருகிறவர்கள் இருமிக்கொண்டே படியிறங்குவார்கள் என்பது திட்டம். புகை ஒருகணம் யோசித்தது. பிறகு, நல்ல குடும்பத்துப் பிள்ளை போல ஒழுங்காக மேலே ஏறிப் போனது.

"அட, வேலை செய்யுதே!" ஆட்களோடு உள்ளே வந்த யானிக் துள்ளினான். "இது எனக்கே தெரியாதே! இருங்க அண்ணே, படம் எடுத்து மதாமுக்கு அனுப்புறேன்."

"வேண்டாம் தம்பி!" என்பதற்குள் படம் நீஸுக்குப் போய்விட்டது.

அன்று இரவு இராஜேந்திரன் சோற்றை அளைந்தாரே தவிர உண்ணவில்லை. அடுத்தவள் மாபிளுக்குப் புளி பூசியதற்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியாது. கோசலை பழைய சூட்கேஸை இறக்கித் தூசு தட்டினாள்.

மறுநாள் யானிக் வாசலில் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"அண்ணே, மதாம் வீட்டை விக்கலையாம்! இனி யாரும் பாக்க வரமாட்டாங்க."

கோசலை பிள்ளையாருக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள். இராஜேந்திரன் அவனைக் கதிரையில் இருத்தி, இருந்த வடை முழுவதையும் தட்டில் கொட்டினார்.

"சாப்பிடுங்கோ தம்பி, சாப்பிடுங்கோ! என்னெண்டு மனம் மாறினவ?"

யானிக் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "அந்த வெள்ளைக் கல்லு கல்லறை மாதிரி இருக்குன்னு பயந்துதான் மதாம் இத்தனை வருஷமா வீட்டை உங்ககிட்ட விட்டுட்டு நீஸ்ல கெடந்தாங்களாம்; இப்பதான் பாக்க வீடாட்டம் இருக்காம், தானே குடிவர்றாங்க."