சுவராக உட்கார்ந்த அரை மணி நேரம்

வீட்டுக்கு ஆள் வந்திருக்கும் நேரத்தில் ஒரு குழந்தையின் நிஜ குணத்தைப் பார்த்துவிட முடியாது. இது மதுரையில் உள்ள எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். பால்காரருக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் நான் உளவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருநகரில் வீடு. ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கல்லூரியில் ஆய்வு உதவியாளர் வேலை. (பெயர்தான் அப்படி. ஒரு கட்டுப் படிவங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் தொங்குவதுதான் வேலை.) எங்கள் பேராசிரியை, நான் மேடம் என்று அழைப்பவர், அடங்காத சிறு குழந்தைகளின் தாய்மார்களுக்குப் பத்து வாரப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். அடிக்கிற, கடிக்கிற, கையில் கிடைத்ததை வீசுகிற நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள். பயிற்சிக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை வீட்டுக்குப் போய் அளந்துவர வேண்டியது நான்.

முதலில் தாயிடம் முப்பத்தாறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மதிப்பெண். பிறகு அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் குழந்தை என்ன செய்தது என்று கட்டத்தில் கோடு போட வேண்டும். கேள்விகளின் மொத்தம் குறைந்திருந்தால் குழந்தை தேறிவிட்டது, கூடியிருந்தால் இல்லை. இம்புட்டுத்தான் கணக்கு. கேட்டபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. மனித மனத்தைக் காய்கறி போல நிறுத்துப் பார்த்துவிடலாம் என்றால் சும்மாவா?

ஒரே ஒரு விதி. கோடு போடும் அந்த அரை மணி நேரம் நான் சுவரைப் போல இருக்க வேண்டும். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, குழந்தையின் கண்ணைப் பார்க்கக்கூடாது, எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது. அந்த அரை மணி நேரம் மட்டும் என்றுதான் மேடம் சொன்னார். நானோ கடமையுணர்ச்சி பொங்கி வாசற்படியிலேயே சுவரானேன்.

அப்படி நான் சுவராகப் போன வீடு ஜெரினா அக்காவுடையது. நகரின் பழைய பகுதியில், ஆட்டோ நுழையாத ஒரு சந்தில், முதல் மாடி. அவருடைய கணவருக்கு ரெடிமேட் துணிக்கடை. ஒரே மகள் நிலோபர், ஐந்து வயது, யுகேஜி. அவள் வகுப்பில் இரண்டு பேரைக் கடித்திருந்தாள். டீச்சரின் கண்ணாடியை உடைத்திருந்தாள். தேறிவிட்டாள் என்று எங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் அவளை வைத்துக்கொள்வதாகவும், வராவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அது அவளுக்கு ஏற்கெனவே இரண்டாவது பள்ளி.

முதல் தடவை போனபோது வீடு பளபளவென்று இருந்தது. நிலோபர் பெருநாள் கவுன் போட்டு, தலையில் ரிப்பன் கட்டி, சோபாவின் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க தம்பி, உக்காருங்க. இந்தாங்க, டீ எடுத்துக்கங்க" என்றார் ஜெரினா அக்கா. கூடவே ஒரு தட்டில் சமோசா.

நான் டீயைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தபடி, "வேண்டாம். கேள்விகளுக்குப் போகலாமா?" என்றேன்.

"ஒரு வாயாவது குடிங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீக."

"பழக்கமில்லை." (நான் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பவன்.)

அவர் முகம் மாறியது. அதைப் பார்த்தேன், ஆனால் அதைக் குறிக்க என் படிவத்தில் கட்டம் இல்லை, எனவே விட்டுவிட்டேன். பிறகு கேள்விகள் கேட்டேன். அடிப்பாளா? இல்லை. கடிப்பாளா? இல்லை. பொருளை எறிவாளா? எறிய மாட்டாள். எங்க பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. முப்பத்தாறு கேள்விகளுக்கும் சேர்த்து மொத்தம் நான்கு. அரை மணி நேரமும் நிலோபர் சோபாவை விட்டு நகரவில்லை. அழகர்கோவில் குரங்குகளை ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி, உள்ளுக்குள் எதையோ அடக்கிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். ஆக மதுரையிலேயே தங்கமான குழந்தை இதுதான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

பத்து வாரம் கழித்து மறுபடி போனேன். பயிற்சி வகுப்புப் பக்கமே நான் தலைகாட்டக்கூடாது என்பதால் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை வீடு சாதாரணமாக இருந்தது. சோபாவில் துவைத்த துணிக் குவியல். நிலோபரின் கை எட்டும் உயரம் வரை சுவர் முழுவதும் கிரேயான் கிறுக்கல். நிலோபர் பழைய ஜட்டியும் பனியனுமாக ஓடிக்கொண்டிருந்தாள். டீ வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. ஜெரினா அக்கா நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்து, "கேளுங்க தம்பி" என்றார்.

"அடிப்பாளா?"

"அடிப்பா. நேத்து ரெண்டு தடவ."

"பொருளை எறிவாளா?"

"எறிவா. முந்தாநேத்து டம்ளர். என்ன டம்ளர்னும் சொல்லணுமா?"

கேட்கக் கேட்க எண் ஏறியது. முடித்துக் கூட்டிப் பார்த்தேன், நாற்பத்தேழு. நான்காக இருந்த குழந்தை பத்து வாரப் பயிற்சியில் நாற்பத்தேழு ஆகியிருந்தது. மேடத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலையோடு செல்போனில் நேரம் ஓடவிட்டு, பாயின் ஓரத்தில் சுவரானேன்.

நிலோபர் என் முன்னால் வந்து நின்றாள். "அம்மா, இந்த மாமா ஏன் பேச மாட்டேங்கிறாரு?"

"அவரு செவரு மாதிரி இருக்கணும்மா. ரூல்ஸ்."

இதில் அந்தக் குழந்தையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வீட்டில் சுவரை என்ன செய்வார்களோ அதைத்தான் அவளும் செய்தாள். பச்சைக் கிரேயானை எடுத்து வந்து என் வெள்ளைச் சட்டையில் ஒரு மரம் வரைந்தாள். நான் அசையாமல் 'பொருளைச் சேதப்படுத்துதல்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். மரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளில் ஒரு சூரியன் வந்தது. இன்னொரு கோடு.

"நிலோபர், கிரேயான கீழ வை" என்றார் ஜெரினா அக்கா. கத்தவில்லை. ஒரே தடவை சொல்லிவிட்டு, உதடு அசைய ஐந்து வரை எண்ணிக் காத்திருந்தார்.

அவள் கிரேயானைக் கீழே வைத்தாள். வைத்த கையால் என் செல்போனை எடுத்தாள். இரண்டே எட்டில் அடுப்படி வாசலுக்குப் போய்த் தண்ணீர் வாளிக்குள் போட்டாள்.

அது மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய போன். சுவர் எழுந்துகொண்டது. "ஏய் சனியனே! அறிவிருக்கா உனக்கு?" என்று நான் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும். அவள் கையைப் பிடித்தேன். அவள் என் படிவ அட்டையைப் பிடித்தாள். நான் இந்தப் பக்கம் இழுக்க, அவள் அந்தப் பக்கம் இழுக்க, மனோதத்துவ முதுகலைப் பட்டதாரி ஒருவன் ஐந்து வயதுப் பெண்ணிடம் "விடுடி!" "நீ விடு!" என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் அட்டையைப் பிடுங்கி, கோபத்தில் அதைத் தூக்கி எறிந்தவன் நான்தான். (பொருளை எறிதல்: ஒரு முறை.)

ஜெரினா அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். "நிலோபர், கைய விடு. தம்பி, நீங்களும் விடுங்க. ரெண்டு பேரும் பாய்ல உக்காருங்க. மூணு நிமிசம். யாரும் பேசக்கூடாது."

நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். எனக்கு மூச்சு இரைத்தது. காது சூடாக இருந்தது. பக்கத்தில் அவளும் புஸ்புஸ் என்று மூச்சு விட்டாள். கைமுஷ்டியை இறுக்கினாள், திறந்தாள், மறுபடி இறுக்கினாள். தனக்குள் இருந்த என்னவோ ஒன்றோடு அந்தச் சின்ன உடம்பு சண்டை போடுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கொஞ்சங்கொஞ்சமாக அவள் மூச்சு அடங்கியது. என்னுடையது அடங்கவில்லை.

மூன்று நிமிடம் முடிந்தது. யாரும் சொல்லாமலே நிலோபர் எழுந்து வாளிக்குப் போனாள். தோள் வரை கையை விட்டு போனை எடுத்தாள். பனியனால் இரண்டு பக்கமும் துடைத்தாள். என் முன்னால் வந்து நீட்டி, "சாரி மாமா" என்றாள்.

நான் ஜெரினா அக்காவைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா தம்பி? முன்னாடில்லாம் ஒண்ண எறிஞ்சான்னா ரெண்டு மணி நேரம் தரையில உருளுவா. நானும் அடிப்பேன், அவளும் கடிப்பா. எறிஞ்சத எடுத்துட்டு வந்து குடுத்ததே கிடையாது. இன்னைக்குத்தான் மொதத் தடவ."

எத்தனையோ புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு விஷயம் என் கண் முன்னால், ஈரப் பனியனோடு நின்றது. கீழே கிடந்த படிவத்தை எடுத்துத் தேடினேன். எறிதலுக்குக் கட்டம் இருந்தது. எறிந்ததைத் திருப்பி எடுத்து வந்து கொடுப்பதற்குக் கட்டமே இல்லை.

"அக்கா, ஆனா மார்க்கு கூடியிருக்கு" என்று மெதுவாகச் சொன்னேன். "அன்னைக்கு நாலு. இன்னைக்கு நாப்பத்தேழு."

"கூடுனா லெட்டரு கிடையாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் நிலோபரின் ஈரக் கையைத் துடைத்துவிட்டார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு நீங்க எங்க வீட்டு டீயத் தொடல. மூஞ்சியக்கூடப் பாக்கல. எங்க கை பட்டது உங்களுக்கு ஆகாது போலன்னு நெனச்சேன். அப்படிப்பட்ட ஆளுகிட்ட எம்பிள்ளையோட குறையச் சொல்லி நான் எதுக்குக் கேவலப்படணும்? எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னுட்டேன். அப்புறம் கிளாஸ்ல மேடம்தான் சொன்னாங்க, உண்மையச் சொன்னாத்தான் பிள்ளைக்கு நல்லதுன்னு. இன்னைக்கு உள்ளத உள்ளபடி சொன்னேன். அதுக்கா தண்டனை?"

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. சட்டையில் இருந்த மரமும் சூரியனும்கூட எனக்குக் கௌரவம் அதிகம் என்று பட்டது. "ரூல்ஸுன்னு நெனச்சேன்க்கா. தப்பு என்னோடதுதான். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல. இப்ப டீ கிடைக்குமா?" என்றேன். மூன்று டம்ளர் குடித்தேன். "பழக்கமில்லன்னீக?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் என் சட்டையை நிதானமாகப் பார்த்து, "மாப்ள, டிசைன் நல்லாருக்கே, எந்தக் கடையில எடுத்த?" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாற்பத்தேழை அழித்து மூன்று என்று எழுதிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பில் கொஞ்சம் புத்தி தெளிந்தது. நேராக மேடத்திடம் போய், டீயிலிருந்து சனியன் வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

மேடம் திட்டவில்லை. மறுநாள் ஜெரினா அக்காவை வரச்சொல்லி, அதே முப்பத்தாறு கேள்விகளை அவரே கேட்டார். "பத்து வாரத்துக்கு முன்னாடி எப்படி இருந்தான்னு இப்ப யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். மொத்தம் எண்பத்தொன்று.

"பிள்ளையும் மாறியிருக்கா, பிள்ளையப் பாக்கிற கண்ணும் மாறியிருக்கு" என்று என்னிடம் சொன்னார். "அதுக்காக இந்த எண்பத்தொண்ண மட்டும் நம்பிடாதே. ஞாபகம் நமக்குச் சாதகமாத்தான் பேசும். மூணு எண்ணையும் எழுது, எது எப்படி வந்துச்சுன்னும் எழுது. அதோட நீ கண்ணால பாத்தத எழுது. உன்னைப் பத்தினதையும் விடாம."

எழுதினேன். அந்தக் கடிதத்தோடு நானும் ஜெரினா அக்காவும் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை அதைச் சத்தமாகவே வாசித்தார்: "குழந்தை ஆய்வாளரின் கைபேசியைத் தண்ணீரில் போட்டாள். ஆய்வாளர் கத்தினார். பின்னர் அட்டையை எறிந்தார். தாய் இருவரையும் மூன்று நிமிடம் பாயில் அமர வைத்தார். குழந்தை முதலில் அமைதியடைந்தாள். ஆய்வாளர் சற்றுப் பின்னர்."

நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த ஆய்வாளர் யாரு?"

நான் யுகேஜி பிள்ளை போலக் கையைத் தூக்கினேன்.

அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, குழந்தை போனைத் திருப்பிக் கொடுத்த வரியை மட்டும் சத்தமில்லாமல் இரண்டு தடவை படித்தார். "இருக்கட்டும், இங்கயே படிக்கட்டும்" என்றார். ஜெரினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிலோபர் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கோபம் இன்னும் வரும் என்கிறார்கள், வந்தால் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவாளாம். நான் இன்றும் பிள்ளைகளை அளக்கிற வேலைதான் செய்கிறேன், எல்லா வீட்டிலும் டீ குடித்துவிட்டு. அந்தக் கடிதத்தின் நகலை என் மனைவி கண்டுபிடித்தது கல்யாணமான முதல் வருடம். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை.

போன வாரம் எங்கள் நான்கு வயது மகன் என் லேப்டாப் மேல் ரசத்தைக் கொட்டினான். நான் கத்தினேன். மனைவி பாயை விரித்தாள். அவன் ஓடிப்போய் உட்கார்ந்தான், நானும் உட்கார்ந்தேன். மூன்று நிமிடம் அவ்வளவு சீக்கிரத்தில் போகாது. முப்பத்து மூன்று வயதில் எனக்கே இந்தப் பாடு. ஐந்து வயதில், பக்கத்தில் ஒரு முன்பின் தெரியாத ஆள் உறுமிக்கொண்டிருக்க, அதைத் தாண்டி எழுந்து போய் வாளிக்குள் கைவிட அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்து மலைத்துப்போனேன்.

அதற்குள் மனைவி ஜெரினா அக்காவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். ரசம் கொட்டிய கதையைக் கேட்டுவிட்டு அவர் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"தம்பி அடங்கிட்டாரா?" என்றார்.

"இல்லக்கா, இன்னும் மூச்சு வாங்குது" என்றாள் மனைவி.

"அப்ப இன்னொரு மூணு நிமிசம் உக்காரட்டும்."