சம்பந்தி லாரியின் மஞ்சள் விளக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் நலம். உங்கள் லாரியும் நலம் என்று அதே மூச்சில் எழுதிவிட ஆசைதான். ஆனால் முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை இது. பொய் எழுதப் போனால், எழுதும்போதே அதற்குக் கீழே கோடு போட்டுவிடுகிறது. போனில் சொல்லலாமே என்பீர்கள். மரக்கடையில் ரம்பத்தோடு போட்டி போட்டுப் பழகிய உங்கள் குரல் "ஹலோ" என்றாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. ஆகவே கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

வீடு மாற்றுவதற்காகப் பதினைந்து நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையோடு உங்கள் சின்ன பெட்ரோல் லாரியைக் கொடுத்தீர்கள். மாப்பிள்ளையே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தி, சாவியை என் கையில் வைத்து, "மாமா, அப்பாவுக்கு இந்த வண்டின்னா உயிரு" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். போன வருடம் உங்களிடம் வாங்கிய ஏணியை ஒரு படி குறைவாகத் திருப்பித் தந்தவன் நான். அதை நீங்கள் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஏணியை மட்டும் எடுத்துக் காட்டுவதாக மகள் சொன்னாள். இந்த முறையாவது என் பெயர் உங்கள் வீட்டில் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் காலை புத்தக அலமாரியை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். முதல் திருப்பத்தில் பார்க்கிறேன், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "பேசாம சம்பந்திக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள். நேர்வழி அவளுக்கு எப்போதும் உடனே தெரிந்துவிடும். எனக்கு ஊரைச் சுற்றிவிட்டு வந்தால்தான் தெரியும்.

புது வீட்டுத் தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவரை எல்லோரும் "மாத்திடலாம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "கோடு விழுந்திருக்கு சார்" என்றார். நான் பதறிப்போய் இறங்கி லாரியை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை. "அந்தக் கோடு இல்ல சார், நம்பர்" என்று கருவியைக் காட்டினார். பி பூஜ்யம் ஒன்று மூன்று ஒன்று. இன்ஜினின் கம்ப்யூட்டர் தனக்கு என்ன குறை என்று எண்ணில் சொல்லுமாம். "ஆக்சிஜன் சென்சார். பேங்க் ஒன்னு, சென்சார் ஒன்னு" என்றார். சம்பந்தி, இங்கே என்னை மன்னிக்க வேண்டும். பேங்க் என்றதும் நான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன். இன்ஜினின் ஒரு பக்கத்துக்குத்தான் பேங்க் என்று பெயர் என்று அவர் விளக்குவதற்குள், என் மனைவி மகளுக்குப் போன் போட்டு, "உன் மாமனார் லாரி மேல லோன் ஏதாவது வாங்கியிருக்காரா, மறைக்காம சொல்லு" என்று விசாரித்துவிட்டாள். அன்று இரவு மருமகள் உங்களுக்கு வழக்கத்தைவிடப் பரிவாகச் சாப்பாடு பரிமாறியிருந்தால் காரணம் அதுதான்.

"இப்போதைக்கு அழிச்சிடலாம் சார்" என்று மெக்கானிக் ஒரு பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. மூன்றாம் நாள், கட்டிலை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறும்போது மறுபடி எரிந்தது. பிழையை விட்டுவிட்டுப் பிழைக்குறியை மட்டும் அழித்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அச்சகத்தில் அவசரத்துக்கு நாங்களே செய்யாத காரியமா? திரும்பப் போனேன். புகைக்குழாயில் மூக்கு மாதிரி ஒன்று சொருகியிருக்கிறதாம். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது மோந்து பார்த்துச் சொல்ல, அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறதாம். "மூக்கு செத்துப்போச்சு சார், மாத்திடலாம்" என்றார். மாற்றினோம். மறுநாள் மாலை அதே விளக்கு, அதே எண். "அப்ப வயரை மாத்திடலாம்." மாற்றினோம். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே எண். "அப்ப கம்ப்யூட்டரையே மாத்திடலாம் சார்" என்று சொல்லிவிட்டு என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். அடுத்து டிரைவரை மாத்திடலாம் என்பாரோ என்ற பயத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால், வீட்டில் உங்கள் வீட்டு அம்மா! புது வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். பார்த்தார்கள், சந்தோஷப்பட்டார்கள், கிளம்பும்போது, "நம்ம லாரிதானே நிக்குது, அதுலயே கொண்டு விட்டுடுங்க சம்பந்தி" என்றார்கள். நான் சாவியைத் தேடுகிற மாதிரி நேரத்தைக் கடத்தினேன். அதற்குள் என் மனைவி பின்பக்கமாக ஓடிப்போய் மீட்டர் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டாள்.

"மீட்டருக்கு எதுக்கு சம்பந்தி துண்டு?" என்று கேட்டார்கள்.

"வெயில் பட்டுக் கண்ணு கூசுதுங்க."

அவர்கள் குனிந்து முன்கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார்கள். ஒரே மேகமாக இருந்தது. "ஓ" என்றார்கள். எந்த வேகத்தில் போகிறோம் என்று தெரியாததால் நான் ஜாக்கிரதையாகவே ஓட்டினேன். சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் வாசலில் நின்றால் என்ன செய்வது என்று பயந்து, தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, "உள்ள வந்தா திருப்ப முடியாதுங்க" என்று இறக்கிவிட்டேன். உங்கள் தெருவில் மரம் ஏற்றிய பெரிய லாரியே திரும்புகிறது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோனதை இன்று நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் என் மனைவி, "போதும், சாவியைக் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். பெரிய சாலையில் சைலன்சருக்கு வெல்டிங் வைக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் பெண்மணியை எல்லோரும் புகையக்கா என்பார்கள். அங்கே என்னை ஓட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். புகையக்கா கருவி எதையும் சொருகவில்லை. "சூடா இருக்கறப்ப ஒன்னும் தெரியாது. விட்டுட்டுப் போங்க, ஆறட்டும்" என்றார். மறுநாள் காலை எங்கள் முன்னாலேயே சைலன்சர் வாயில் ஒரு பழைய துணியை அடைத்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். சென்சாருக்கு ஒரு சாண் முன்னால் குழாயில் நுரை கொப்பளித்தது. தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு.

"ஓடறப்ப இது வழியா வெளிக்காத்து உள்ள போகுதுங்க ஐயா. ஆக்சிஜன் ஜாஸ்தியா இருக்குன்னு சென்சார் சொல்லிச்சு. உள்ளதைத்தான் சொல்லிச்சு. நீங்க அதைக் கழட்டிப் போட்டுட்டு இன்னொண்ணை வச்சீங்க. அதுவும் வந்து அதையேதான் சொல்லிச்சு" என்றார்.

எனக்குத் தலை குனிந்துவிட்டது சம்பந்தி. முப்பத்திரண்டு வருடமாக, பிழையைச் சுட்டிக்காட்டியதற்காக நான் வாங்காத திட்டா? அந்த நானே அப்படி ஒரு ஜீவனைக் கழற்றிப் போட்டுவிட்டேனே! வெடிப்பை வெல்டிங் வைத்து அடைத்தார். என் பிடிவாதத்துக்காகப் பழைய சென்சாரையே மறுபடி மாட்டினார். நான்கு நாளாக ஓட்டுகிறேன். பாலத்தில் ஏறினேன், பீரோவை ஏற்றினேன், விளக்கு எரியவே இல்லை. புது சென்சாரைத் துணியில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் உயிரான வண்டியை என் கையால் கெடுத்து, உங்களிடம் சொல்லாமல் மறைத்து, உங்கள் கடன் நிலவரத்தைச் சந்தேகித்து, உங்கள் வீட்டு அம்மாவை நடக்கவிட்டதற்கெல்லாம் ஒட்டுமொத்தமாக மன்னிக்க வேண்டும். இதை மகள் மேல் காட்டிவிடாதீர்கள். அவள் அம்மாவைக் கொண்டவள், நேர்வழிக்காரி. ஞாயிற்றுக்கிழமை காலை லாரியைக் கழுவித் துடைத்து உங்கள் வாசலுக்கே கொண்டுவந்து, அங்கேயே திருப்பியும் காட்டுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பு, மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள், உங்களுக்கு என் இரு கைகூப்பிய வணக்கம்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் நீங்களே போன் செய்தீர்கள். பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன். "வண்டி எப்படி ஓடுது சம்பந்தி?" என்றீர்கள். நன்றாக ஓடுகிறது என்றேன். "அந்த மஞ்ச விளக்கு எரியுதில்ல?" என்றீர்கள். இல்லை, எரியவில்லை என்றேன். "எரியலையா! என்ன பண்ணித் தொலைச்சீங்க? மூணு வருஷமா ஒரு நாள் விடாம நல்லா எரிஞ்சிட்டிருந்த விளக்காச்சே! அதைப் பார்த்துத்தானே இன்ஜின் ஓடுதுன்னு நான் தெரிஞ்சுக்குவேன்!" என்று கத்தி, நாளைக் காலையில் ஆளோடு வந்து அதைத் திரும்ப எரிய வைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டீர்கள். எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போடும் பழக்கம் எனக்கில்லை. ஆகவே கீழ்க்கண்ட திருத்தத்தோடு படித்துக்கொள்ளவும்: மேலே "மன்னிக்க வேண்டும்" என்று வரும் இடங்களில் எல்லாம் "மன்னித்தேன்" என்று வாசிக்க.