குழாய் சாரும் என் எட்டு நாள் ஆயுளும்

எனக்கு இன்னும் எட்டே நாள்தான் ஆயுள் என்று போன கோடையில் நான் மனதார நம்பினேன். நாற்பத்தேழு வயது, இரண்டு பட்டம், ஒரு தொப்பை எல்லாம் இருந்தும் நம்பினேன். காரணம், இலுப்பூர் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த குழாய் சார். உலகத்திலேயே சேற்றைக் காதலித்த ஒரே ஜீவன் அவர்தான். எருமைகள்கூட அவருக்கு அடுத்தபடிதான்.

ஏதோ ஒரு கல்லூரிக்காக ஆராய்ச்சி செய்கிறவர். ஆளுயர பிளாஸ்டிக் குழாயைக் கண்மாய்ச் சேற்றில் செங்குத்தாக இறக்கி உருவுவார். உள்ளே சேறு அடுக்குக் கலையாமல் நிற்கும். அடியில் பழைய மழை, மேலே புது மழை. ஒருநாள் என்னோடு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் குழாயை நிறுத்தி, அணைத்தபடி வந்தார்.

"சார், அதைக் கீழ படுக்கப் போடுங்க, ஆளு உக்காரணும்" என்றார் கண்டக்டர்.

"படுக்கப் போட்டா வருஷமெல்லாம் கலஞ்சு போயிரும்ங்க."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வெளியே ஆடு பார்த்தேன்.

அவருடைய ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டதால் என் மனைவி செல்வி எங்களுடையதில் இடம் கொடுத்தாள். இட்லி மாவுக்குப் பக்கத்தில் டப்பா டப்பாவாகச் சேறு. ஒரு காலையில் நான் ஒன்றைத் திறந்து முகர்ந்து, "செல்வி, மாவு ரொம்பப் புளிச்சிருச்சு" என்றேன். சார் மாடியிலிருந்து ஓடி வந்தார். "கரண்டி கிரண்டி போடலையே?" அவருடைய கவலை முழுக்கச் சேற்றைப் பற்றித்தான்.

அடுத்த வாரம் அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. "ஆமா, கதிரியக்க அயோடின்தான், கண்மாய்ச் சேத்துல சேந்துருக்கு…" நான் இரண்டு படி ஏறுவதற்குள் நடுவில் ஏதோ விட்டுப்போனது. "…அதுக்கு அரை ஆயுள் எட்டு நாள்தானே!"

அந்தக் கண்மாய் வண்டலைத்தான் டிராக்டரில் அடித்துத் தோட்டத்தில் கொட்டி, அதில் காய்த்த கத்தரிக்காயை மூன்று மாதமாகத் தின்று வருகிறேன். அரை ஆயுளாம், அதுவும் எட்டு நாளாம்! உடனே செல்வியின் அண்ணனுக்குப் போன் போட்டு, "மச்சான், ஒங்க கல்யாணத்துல பாயசத்துல உப்பை அள்ளிப் போட்டது நான்தான்" என்று அழுதேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ள, போனை வைங்க."

விஷயத்தை டீக்கடைக்காரர் ஒருவரிடம்தான் சொன்னேன். ஊருக்கு அது போதும்.

மறுநாள் மீன்பிடித் திருவிழா. கண்மாய் வற்றும் கோடையில் ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கும் நாள். கரை நிறைய ஊத்தாக் கூடையும் வலையுமாகக் கூட்டம். ஊர்த் தலைவரான அம்பலம், இறங்கலாம் என்று வெள்ளைத் துண்டை வீசினார். ஒருவரும் இறங்கவில்லை. மறுபடி வீசினார்.

"ஏப்பா, துண்டு தெரியலையா?"

"தண்ணியில வெசம்ங்கிறாங்களே!"

"குழாய் போட்டு வெசத்தை எறக்குனதே அந்தாளுதான்!"

நாலைந்து பேர் மாடியேறி, மூன்று கோடையாக அவர் சேர்த்த குழாய்களைக் கரைக்குத் தூக்கி வந்து கட்டையை ஓங்கினார்கள். சார் லுங்கியோடு ஓடி வந்து குறுக்கே நின்றார். "யாருங்க சொன்னது?"

கரையே என்னைப் பார்த்தது.

"நீங்கதான சார், அரை ஆயுள் எட்டு நாள்னு…"

"அது ஆஸ்பத்திரியில தைராய்டுக்குக் குடுக்குற அயோடின்ங்க. எட்டு நாள்ல பாதி, அடுத்த எட்டு நாள்ல அதுல பாதின்னு அழிஞ்சு போயிரும். சேத்துல இருக்கிறது அதோட அண்ணன், வேற வகை அயோடின். இவனுக்கு அரை ஆயுள் ஒன்றரைக் கோடி வருஷம்."

"அப்ப எனக்கு ஒன்றரைக் கோடி வருஷமா?"

"ஒங்களுக்கு இல்லங்க, அயோடினுக்கு!"

சார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எங்கயோ அணு ஆலையிலயும் பழைய குண்டு சோதனையிலயும் கெளம்புனது, காத்துல சுத்தி மழையில எறங்குது. எலைதழை மக்குன சேத்துல ஒட்டிக்கிட்டு வருஷா வருஷம் அடுக்கா உக்காருது. எல்லா ஊருக் கொளத்துலயும் இருக்கு, துளியூண்டு. மெதுவா அழியுறதால வீரியமும் கெடையாது. பயப்படாம எறங்குங்க."

யாரும் அசையவில்லை. சார் லுங்கியை மடித்துக் கட்டினார். நீச்சலும் தெரியாது, மீன் பிடிக்கவும் தெரியாது. இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்தார், வழுக்கினார், முழுகினார், எழுந்தார். "பாருங்க, ஒண்ணும் ஆகல!" என்று அங்கிருந்தே கத்தினார், வாயில் பாதிக் கண்மாய்.

அம்பலம் மூன்றாம் முறை துண்டை வீசினார். கட்டை ஓங்கியவர்கள்தான் முதலில் குதித்தார்கள்.

சார் கரையேறும்போது கையில் ஒரே ஒரு கெண்டை இருந்தது. எப்படிச் சிக்கியது என்று அவருக்கே தெரியவில்லை. நேராக என்னிடம் வந்து நீட்டினார். "வீட்டுக்குக் கொண்டு போங்க. பயந்து போயிருக்கீங்க."

செல்வி குழம்பு வைத்தாள். அந்த ஒரு மீனை சாரோடு சேர்ந்து மூன்று பேரும் சாப்பிட்டோம்.