ரோஸ் நிறத்தின் மேல் சிவப்பு எழுத்து

மம்சாபுரம்,
வைகாசி, 1996

அன்பு மைத்துனன் சௌந்தரபாண்டியனுக்கு அத்தான் சங்கையா எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா வேலுத்தாயும் சுகம். உன் குடும்பமும், நீ நடத்தும் கேபிள் டிவியும் சுகமாக இருக்க வேண்டும். ஆனால் உன் டிவியில் ஓடும் எழுத்தால் என் குடும்பம் சுகமாக இல்லை.

பேரனின் காதுகுத்தை மடவார் வளாகம் மண்டபத்தில் வைத்திருந்தோம் அல்லவா? முதல் நாள் அங்கே மோட்டார் ரிப்பேராகித் தண்ணீர் நின்றுபோனதால் ராஜபாளையத்துக்கு மாற்றினோம். வன்னியம்பட்டிக்கு நேரில் போய் மருமகளின் அண்ணன் உக்கிரபாண்டியிடம் சொல்லிவிட்டு வரும்படி உன் அக்கா நச்சரித்தாள். மைத்துனன் டிவி வைத்திருக்கும்போது தாய்மாமனுக்குச் சொல்ல எதற்கு பஸ் ஏற வேண்டும் என்று உன்னிடமே அறிவிப்பைக் கொடுத்தேன். நீயும் கம்ப்யூட்டர் வாங்கிய சந்தோஷத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் கொடி சுற்றி, பூ வைத்து, ரோஸ் நிறத்தின் மேல் சிவப்பில், மினுக்கி மினுக்கி, ராத்திரிப் படத்துக் கதாநாயகியின் புடவை மேலேயே ஓடவிட்டாய். உக்கிரபாண்டி டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தாராம். ஜவுளிக்கடை விளம்பரம் என்று நினைத்துக்கொண்டாராம். மறுநாள் வரிசைத் தட்டும் மேளமுமாக மடவார் வளாகத்துக்குப் போய்ப் பூட்டின மண்டபத்துக்கு முன்னால் நின்றிருக்கிறார். இங்கே ராஜபாளையத்தில் பேரன் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, ஆசாரியும் ஊசியோடு தயார். வேறு மாமன் யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மருமகள் முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். "எங்கண்ணன் மடியில வச்சுத்தான் குத்தணும். இல்லாட்டி குத்தவே வேண்டாம்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் போனவள் இன்னும் வரவில்லை. பேரன் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சேதி சொன்ன அதே டிவியில் சங்கையா மன்னிப்புக் கேட்டு எழுத்து ஓட வேண்டும், ஓடினால் மறுபடி தேதி வைக்கலாம் என்கிறார் உக்கிரபாண்டி. எனக்குச் சம்மதம்.

எனக்காகக் கேட்கவில்லை, ஊர் நன்மைக்குக் கேட்கிறேன். இனி எழுத்தைப் பெரிதாக, தடிமனாக, பூ இல்லாமல் போடு. கறுப்புக்கு மேல் வெள்ளை, இல்லாவிட்டால் வெள்ளைக்கு மேல் கறுப்பு. வரிக்கு வரி கொஞ்சம் இடம் விடு. மினுக்காதே, கண் கூசுகிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படித்து முடிக்கும்வரை அது திரையில் நிற்கட்டும். கண்ணாடி போட்டவர்களும் உனக்குச் சந்தா கட்டுகிறார்கள்.

உன் ஒயரைக் குரங்கு அறுக்காமல் வைத்தியநாத சுவாமி காப்பாற்றட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான் சங்கையா

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். "எழுத்த நல்லாப் போடச் சொல்லுதிய. அப்ப நீங்க மன்னிப்புக் கேக்குறத ஊரே படிக்குமே" என்றாள். எனக்கு அது தோன்றவில்லை. ஆகவே காதுகுத்துத் தேதி, நேரம், மண்டபம் மூன்றையும் மேலே சொன்னபடி பெரிதாகப் போடு. மன்னிப்பு வரிக்கு மட்டும் அந்தப் பூ எழுத்தே இருக்கட்டும், ரோஸ் மேல் சிவப்பில், நல்ல வேகமாக. டிவியில் ஓட வேண்டும் என்றுதான் உக்கிரபாண்டி கேட்டார். படிக்க முடிய வேண்டும் என்று கேட்கவில்லை.