முண்டு மிளகாயும் முப்பது சிவப்பணுக்களும்

மனித சுவாச மண்டலம் எப்படி வேலை செய்கிறது என்று புத்தகத்தைப் பார்க்காமல் என்னால் நாற்பது நிமிடம் பேச முடியும். அது எப்படி வேலை செய்யாமல் போகும் என்பதை நான்கே நிமிடத்தில் செய்து காட்டவும் முடியும். இரண்டாவதை ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன். என் வாழ்க்கைக்கு அது போதுமானதாக இருந்தது.

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். மிளகாய் போடுகிற குடும்பம். கடையில் உருண்டையாக, பளபளவென்று முண்டு மிளகாய் வாங்குகிறீர்களே, அதைக் குனிந்து பறித்தவர்களில் நானும் ஒருத்தி. விலங்கியல் முதுகலையும் பி.எட்.டும் நான் படித்தது அறிவுத் தாகத்தால் அல்ல, அந்த மிளகாய்க் களத்திலிருந்து தப்பிக்கத்தான். ஐந்து பள்ளிகளில் மாதிரி வகுப்பு எடுத்தேன். ஐந்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். கீழக்கரையில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து ஆறாவது அழைப்பு வந்தபோது என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது அய்யா, முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இதான் கடைசி, ஆத்தா. இதுவும் ஏலலைன்னா பேசாம வந்து களத்தைப் பாரு. வேலைக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது."

பதினோராம் வகுப்புக்குச் சுவாசமும், ரத்தத்தில் வாயுக்கள் கடத்தப்படுவதும் பாடம். செய்முறையோடு நடத்தினால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். ரத்தச் சிவப்பணுவுக்கு எதை வைப்பது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் சிவப்பு அட்டையை வட்டமாக வெட்டியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த சிவப்பு ஒன்றே ஒன்றுதான். காய்ந்த முண்டு மிளகாயை ஒரு துணிப்பை நிறைய அள்ளிக்கொண்டேன். ஆக்சிஜனுக்குப் பொட்டுக்கடலை.

(இந்த இடத்தில் நீங்கள் 'ஐயையோ' என்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை. படுக்கிற அறையிலேயே மிளகாய் மூட்டைகளை அடுக்கி, அதில் சாய்ந்து பரீட்சைக்குப் படித்தவள் நான். எங்கள் மூக்குகள் என்றைக்கோ மரத்துப் போய்விட்டன. நெடி என்று ஒன்று இருப்பதே வீட்டுக்கு விருந்தாளி வந்து தும்மினால்தான் ஞாபகம் வரும்.)

அய்யா பள்ளி வாசலில் காத்திருந்தார். வகுப்பில் முப்பது மாணவிகள். முன்வரிசை நாற்காலியில் பள்ளித் தாளாளர் உட்கார்ந்திருந்தார். துபாயில் நெடுநாள் இருந்துவிட்டு வந்த பெரியவர், மென்மையாகப் பேசுபவர். சட்டைப் பையில் நீல நிறத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. பேனா என்று நினைத்தேன்.

முதல் பதினைந்து நிமிடம் நான் பிரமாதப்படுத்தினேன். உதரவிதானம் கீழே இறங்குகிறது, மார்பறை விரிகிறது, காற்று மூச்சுக்குழல் வழியாக உள்ளே பாய்ந்து காற்று நுண்ணறைகளை நிரப்புகிறது. அவற்றின் சுவர் அத்தனை மெல்லியது என்பதால் ஆக்சிஜன் நழுவி ரத்தத்துக்குள் போய்விடுகிறது. தாளாளர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். இந்த வேலை எனக்குத்தான் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

பிறகு துணிப்பையைத் திறந்தேன்.

"கரும்பலகைப் பக்கம் நுரையீரல். கடைசி பெஞ்ச் கால் தசை. நீங்க எல்லாரும் ரத்த ஓட்டம்" என்று சொல்லி ஆளுக்கு ஒரு பிடி மிளகாய் கொடுத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். சிவப்பணு உருண்டை இல்லையே, இரண்டு பக்கமும் குழிந்த தட்டு ஆயிற்றே, பாடத்தில் பிழை வரலாமா என்று என் படிப்பு என்னைக் கேட்டது.

"கட்டைவிரலால நடுவுல அழுத்துங்கம்மா. குழி விழணும்."

முப்பது பேரும் அழுத்தினார்கள். மொறமொறவென்று ஒரு சத்தம். நன்றாகக் காய்ந்த மிளகாய் குழியாது, உடையும். மேலே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

முதல் தும்மலை ஜலதோஷம் என்று எடுத்துக்கொண்டேன். சிவப்பணுக்கள் என் மேசையில் பொட்டுக்கடலையை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு நடந்தன. தசைகள் ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைச் சாப்பிடச் சொல்லியிருந்தேன். மிளகாய்க் கையால் வாங்கி, மிளகாய்க் கையால் சாப்பிட்டார்கள். அங்கிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. நடுவரிசையில் ஏழெட்டுப் பேர் இருமினார்கள்.

"பார்த்தீங்களா, இருமல்ங்கிறது காற்றுப்பாதையோட தற்காப்பு" என்றேன். (சத்தியமாகச் சொன்னேன்.)

தாளாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நல்ல கேள்வி கேட்டார். "அப்ப கரியமில வாயு எதுலம்மா திரும்பிப் போவும்? இதே மொளகாய்லயா?"

எனக்காகவே கேட்டது போன்ற கேள்வி. கொஞ்சம்தான் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு போகும், பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறிப் பிளாஸ்மாவில் கரைந்து போகும். பதில் முழுவதும் சொன்னேன். அந்த அறையில் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்பதால் யார் காதிலும் அது விழவில்லை. பிள்ளைகள் கண்ணைக் கசக்கினார்கள், கசக்கியதும் அலறினார்கள். ஒருத்தி கதவைத் திறக்க, கடல் காற்று உள்ளே புகுந்து, தரையில் கிடந்த தூளையும் கிளப்பிவிட்டது.

எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினோம். தண்ணீர்க் குடங்கள் வந்தன, மோர் வந்தது. தாளாளர் அந்த நீலப் பேனாவை எடுத்து வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தி உறிஞ்சினார். ஆஸ்துமாக்காரர்கள் வைத்திருக்கும் இன்ஹேலர். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. மூச்சு சீரானதும் மனிதர் கோபப்படவே இல்லை.

"காத்து எந்த வழியாப் போவுதுன்னு எனக்கு நல்லா வெளங்கிருச்சும்மா. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

சொல்லி அனுப்புகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

வாசலில் அய்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எந்த மூட்டையில அள்ளுன?"

"மேல இருந்ததுல, அய்யா."

"அது விதைக்குன்னு எடுத்து வச்சதாச்சே."

பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். பாதி வழியில் அய்யா என்னைப் பார்த்துவிட்டு, "கையைக் கழுவாமக் கண்ணைத் தொட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் களத்தில் நின்றேன். அதற்குப் பிறகு எந்தப் பள்ளியும் என்னைக் கூப்பிடவில்லை.

நான்கு வருடம் கழித்து ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு கல்லூரிப் பெண் என்னைப் பார்த்து, "டீச்சர்" என்றாள். என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஜீவன். கீழக்கரையில் அன்றைக்குக் கடைசி பெஞ்சில் இருந்தவளாம். ஆசையாகக் கேட்டேன்.

"அன்னிக்கு நடத்துன பாடம் ஞாபகம் இருக்காம்மா?"

"மறக்க முடியுமா டீச்சர்? செரிமானம்தானே?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னது நான் செய்த அடுத்த முட்டாள்தனம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் இருமினாலும் அய்யா என் பக்கம் திரும்பி, "ஏத்தா, இது செரிமானமா?" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், களத்தில் மிளகாயைக் கிளறிவிட்டுக்கொண்டே.