மோட்டார் வைத்த வறுவல் மெஷின்

பொய் சொல்வதென்று நான் தீர்மானமாக முடிவெடுத்தது அறுபத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். அதுவரை சொன்னதெல்லாம் வாய் தவறி வந்தவை, சேர்த்தியில்லை.

விஷயம் காப்பிக் கொட்டை. வாரமெல்லாம் திருப்பூரில் பனியன் துணி வெட்டுகிறேன். ஞாயிறானால் வீட்டில் கொட்டை வறுக்கிறேன். சிலருக்குச் சீட்டாட்டம், எனக்கு இது. முதலில் இரும்புச் சட்டி. பிறகு கையால் சுற்றும் உருளை. பாதிக் கொட்டை கருகும், பாதி பச்சையாக இருக்கும், என் தோள்பட்டை மட்டும் பதமாக வெந்துவிடும்.

லேத் பட்டறை லிங்கசாமி ஆசை காட்டினான்: "மோட்டார் வெச்சுச் செஞ்சு தர்றனுங்க மாஸ்டர். ஒரே நெறமா வரும்."

அதிலிருந்து வெட்டுகிற வெள்ளைத் துணியெல்லாம் எனக்குக் காப்பி நிறமாகத் தெரிந்தது.

ஆனால் என் மனைவி சாரதாமணி முன்பே சொல்லியிருந்தாள். "மூணாவதா ஒண்ணு சமையக்கட்டுக்குள்ள வந்துதுன்னா, ஒண்ணு அது இருக்கோணும், இல்லீன்னா நான் இருக்கோணும்."

அதனால்தான் பொய். அவிநாசியில் கட்டிக்கொடுத்த என் தங்கை வேலாத்தாள் ஆடி நோம்பிக்கு வருவாள். பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் அனுப்ப முடியாது; அருள்புரத்தில் இருக்கும் என் அக்காளுக்கு எப்போதும்போல ஒரு சேலை போதும். காப்பி வாசம் பட்டாலே அவளுக்குத் தலை சுற்றும். மெஷினைச் சீர் என்று சொல்லி வரவழைத்தால், அவள் வேண்டாம் என்பாள், அது என்னிடமே தங்கிவிடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மெஷின் வந்து இறங்கியது.

"ஏனுங்க, என்னுங்க இது?"

"வேலாத்தாளுக்குச் சீரு."

"நங்கையாளுக்குங்களா? காப்பி மெஷினுங்களா?"

"எல்லாரும் சேலைதான் எடுக்கறாங்க. நாம புதுசாச் செய்யலாம்னுதான்."

"சரிங்க."

அவ்வளவுதான். சண்டையே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சோதனை பார்க்கிறேன் என்று நாலு ஞாயிறு வறுத்தேன். அடடா! ஒவ்வொரு கொட்டையும் ஒரே நிறம். அதைப் பிரிய என்னால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று.

நோம்பிக்கு வேலாத்தாள் வந்தாள். மெஷினைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எனக்கெதுக்குண்ணா இது? காப்பிதான் ஆகாதே."

"வேண்டாம்னா உட்ரு கண்ணு, நான் ஒண்ணும் வற்புறுத்த..."

நான் முடிப்பதற்குள் சாரதாமணி முறம் நிறைய நிலக்கடலையோடு வந்தாள். மெஷின் உருளைக்கு அடியில் கரியைப் பற்ற வைத்தாள். கடலையைக் கொட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

"உங்க காட்டுல வெளையறது கடலைதானுங்க நங்கையா? காப்பிதான் வறுக்கோணும்னு இதுல எழுதியா இருக்குது?"

வேலாத்தாள் சுடச்சுட ஒரு கடலையை ஊதி வாயில் போட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. "எம்மேல இத்தன பாசமாண்ணா உனக்கு?"

என் வாயால் சீர் என்று சொன்னதை எந்த வாயால் இல்லை என்பது? சிரித்து வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை சுமந்தது நான். மேலே ஏற்றிக் கட்டியதும் நான். பஸ் கிளம்பியது. கையாட்டிக்கொண்டே சாரதாமணி சொன்னாள்:

"அருள்புரத்துப் பெரிய நங்கையாளுக்கு மட்டும் சேலையக் குடுத்தா, அவிய மனசு நோகுமில்லீங்க? லிங்கசாமிகிட்ட இன்னொரு மெஷின் சொல்லிட்டனுங்க."

"இன்னொண்ணா!" எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எப்ப ஊட்டுக்கு வரும்?"

"ஊட்டுக்கெதுக்குங்க? பட்டறையிலிருந்து நேரா அருள்புரத்துக்கே கொண்டுபோகச் சொல்லிட்டேன்."