எதிர்ப்புறத்துக் கச்சேரி

கீபோர்டுக்காரர் போனில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். சாலைக்கு எதிர்ப்புறம், கறுப்புக் கண்ணாடிக் கதவுக்குள்ளே நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவகத்தில், வயலின் ஒன்று விசும்பத் தொடங்கியது.

பேருந்து நிறுத்தத்து இரும்பு இருக்கையில் அவர் நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த உணவகத்தின் மூலையில் பதினோரு வருடம் வாசித்தவர் அவர். போன மாதம் முதலாளி கூப்பிட்டு, "இந்தப் பாட்டு ஆப் எல்லாம் எனக்கு விளங்காது. இசை தெரிஞ்சவர், நீங்களே போட்டுக் குடுங்க" என்றார். தன் வாசிப்பு இடைவேளைக்குத்தானே என்று இவரும் தன் போனிலேயே கணக்கைத் திறந்து, கல்லாவில் இருந்த டேப்லெட்டிலும் போட்டு, ஸ்பீக்கரோடு இணைத்து, "அருமையா இருக்கும் சார்" என்று வேறு சொல்லித்தொலைத்தார்.

அன்று திங்கட்கிழமை; காலை போனால், மூலையில் அவருடைய நாற்காலியைக் காணோம். நாலு பேர் உட்காரும் மேஜை இருந்தது.

"அதுல கோடிக்கணக்குல பாட்டு இருக்காம். உங்களுக்கு எத்தனை தெரியும்?" என்று முதலாளி கேட்டார்.

நூற்றெண்பது என்று உண்மையைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

வீட்டில் மனைவியிடம் சொல்லத் தைரியம் இல்லை. ஆனால் கணக்கு இவர் போனில் இன்னும் திறந்தே கிடந்தது. இங்கே தொட்டால் அங்கே பாடும். சாப்பிட வந்தவர்கள் நாலு பேர் முகம் சுளித்தால் போதும், முதலாளி தானாகத் தேடி வருவார் என்று கணக்குப் போட்டு எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்துக் கல்லாவில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார்.

"சும்மாதான் கூப்பிட்டேன் அக்கா. அங்க எல்லாம் எப்படிப் போகுது?"

"அதையேன் கேக்கறீங்க தம்பி. ஏதோ அழுகைப் பாட்டா வருது. எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

இவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "அப்புறம்?"

"அப்புறமென்ன, மனசைத் தேத்திக்க ஆளுக்கு ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கறாங்க. ஃப்ரிட்ஜே காலி."

செவ்வாய்க்கிழமை காது கிழியும் டிரம்ஸைப் போட்டார். ஒருத்தர்கூட எழுந்து போய்ச் சண்டை போடவில்லை. தாளத்துக்குத் தக்கபடி மென்று, அரை மணி நேரச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் நின்ற வரிசை மளமளவென்று உள்ளே போயிற்று.

"அடுப்படியில கை ஓயலை தம்பி" என்றார் அக்கா.

புதன்கிழமை தேடித்தேடி, ஒரு மணி நேரம் ஓடும் மழைச் சத்தத்தைக் கண்டுபிடித்தார். வெறும் மழை, நடுநடுவே இடி. அதை எழுபது லட்சம் பேர் கேட்டிருந்தார்கள். இவர் சொந்தமாக அமைத்து அதே ஆப்பில் ஏற்றியிருந்த ஒரே மெட்டை முப்பத்தோரு பேர் கேட்டிருந்தார்கள்; அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மழையைப் போட்டார். உச்சி வெயிலில் தலையில் கைக்குட்டையோடு இவர் உட்கார்ந்திருக்க, உள்ளே இருந்தவர்கள் கறுப்புக் கண்ணாடி வழியே வானத்தை எட்டிப் பார்த்து, "விட்டதும் போலாம்" என்று இன்னொரு காபி சொன்னார்கள்.

வியாழக்கிழமை, இனி எதைப் போடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"வேலையிலதான்."

"நல்லதாப் போச்சு. எங்க ஆபீஸ்ல எட்டு பேர் அங்கதான் வந்துக்கிட்டிருக்கோம். மேனேஜருக்கு இன்னிக்குக் கடைசி நாள். நீங்கதான் வாசிக்கறீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து வந்து ஹாரன் அடித்தது.

"என்ன சத்தம் அது?"

"கதவு திறந்திருக்கும்மா. நீ வந்தாலும் என்னைப் பார்க்க முடியாது. இப்ப... இப்ப மாடியில உட்கார வெச்சிருக்காங்க. சத்தம் மட்டும்தான் கீழ வரும்."

"இது என்ன கூத்து?"

"புது ஸ்டைலாம்."

"என்ன ஸ்டைலோ போங்க. நீங்க போட்ட அந்த மெட்டை வாசிங்க. மேனேஜர் கேக்கணும்."

எட்டுப் பேரும் ஆட்டோக்களிலிருந்து இறங்கியபோது இவர் நிறுத்தத்து விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார். தன் மெட்டின் பெயரைத் தட்டினால், ஆப் ஊரில் இருக்கிற மற்ற மெட்டையெல்லாம் காட்டியது. கீழே கீழே போய், ஒருவழியாகக் கண்டுபிடித்து அழுத்தினார்.

வாசல் கதவு ஆள் வர, ஆள் போகத் திறந்து மூடியது. அந்த இடுக்கில் மனைவி தெரிந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வழுக்கைத் தலை மேனேஜரின் கரண்டி பாதி வழியில் நின்றது. பதினோரு வருடத்தில் சாப்பிடுகிறவர்களின் முதுகைத்தான் இவர் பார்த்திருக்கிறார். ஒருவர் தன்னைக் கேட்கும் முகத்தை இன்றுதான், சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார்.

போன் அதிர்ந்தது. "என்னங்க, மேனேஜர் அழுதுட்டார்! கைகுடுக்கணுமாம். மாடிக்கு வர்றார்!"

மாடியில் மாவு மூட்டைகளும் உடைந்த நாற்காலிகளும்தான் இருந்தன.

பாட்டை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. விழுந்தடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார். பைக்கில் வந்த ஒருவன் பிரேக்கை மிதித்து அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினான். பின்வாசல் வழியாகப் புகுந்து, கழுவிவிட்ட சமையலறைத் தரையில் வழுக்கி, ஓர் அண்டாவைப் பிடித்து நிமிர்ந்து, அவர் படிக்கட்டின் அடிக்கு வந்து சேரவும் மேனேஜர் முதல் படியில் கால் வைக்கவும் சரியாக இருந்தது.

"இவர்தான் சார்" என்றாள் மனைவி.

மேனேஜர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷ வேலையில யாரும் என்னை இப்படி அனுப்பி வெச்சதில்லை சார்!"

தலைக்கு மேலே ஸ்பீக்கரில், மெட்டு அதன் உச்சிக்குப் போய், வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி அவருடைய கைகளைப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். மறுபடியும் கைகளைப் பார்த்தாள். மேனேஜரும் மெல்ல அண்ணாந்தார்.

"கடைசிப் பகுதி மட்டும்... தானாப் போயிடும் சார்" என்றார் கீபோர்டுக்காரர்.

"அடேயப்பா, என்னமா வளர்ந்திருக்கு விஞ்ஞானம்!" என்று மேனேஜர் மறுபடி கைகுலுக்கினார்.

மனைவி குலுக்கவில்லை. "வீட்டுக்கு வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

அவர்கள் போனதும், கல்லாவுக்கு வந்தார்.

"அக்கா, இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. நானே போய் முதலாளி கால்ல விழுந்துடறேன். நாலு நாளா இங்க பாட்டு போட்டது ஆப் இல்லை, நான்தான். எதிர்ல உட்கார்ந்துகிட்டு இந்த ஹோட்டலைக் கெடுக்கப் பார்த்தேன்."

அக்கா பில் மெஷினுக்குப் புதுக் காகிதச் சுருளைப் போட்டுக்கொண்டே, முதலாளி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உஷ்! மெதுவாப் பேசுங்க தம்பி. உங்க போன் பேரு திங்கக்கிழமையே டேப்லெட்ல வந்துடுச்சு. நான் பதறிப்போய்க் காட்டினா, 'யாரும் அவர்கிட்ட மூச்சு விடாதீங்க, சம்பளம் குடுத்தப்ப அந்த ஆள் இவ்வளவு நல்லா வேலை பார்த்ததில்லை'ன்னுட்டார் முதலாளி."